மஞ்சள் ஓட வேண்டுமா, இறுக வேண்டுமா: கொழும்பில் கண்ட முட்டை விருப்பங்கள்

கொழும்பில் யாரிடமாவது முட்டையை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் உறுதியான பதிலே கிடைக்கும். மஞ்சட்கரு ஓட வேண்டும் என்பார் ஒருவர்; ஓடினால் தட்டையே தொடமாட்டேன் என்பார் இன்னொருவர். ஆனால் அதே ஆட்களுடன் சில காலம் சேர்ந்து சாப்பிட்டுப் பார்த்தால், அந்த உறுதி உணவுக்கு உணவு மாறுவது தெரியவரும். முட்டை எந்தப் பதத்தில் வேக வேண்டும் என்பதை நாக்கைவிட, தட்டில் அதற்குப் பக்கத்தில் இருப்பதே தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றக் காரணமான சிலரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

என்னுடன் வேலை செய்த அக்கா ஒருவர், மட்டக்களப்பைச் சேர்ந்தவர், மதியச் சோற்றுடன் அவித்த முட்டை கொண்டுவருவார். அதை இரண்டாக வெட்டி, மஞ்சளைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிற வளையம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சோற்றின் மேல் வைப்பார். வளையம் இருந்தால் முட்டை பழையது என்பது அவருடைய தீர்ப்பு. முட்டையின் வயதுக்கும் அந்த நிறத்துக்கும் அவ்வளவு தொடர்பில்லை: அளவுக்கு மீறி அவியும்போது வெள்ளைக்கருவிலிருந்து வெளிப்படும் ஐதரசன் சல்பைட்டு, மஞ்சட்கருவில் உள்ள இரும்புடன் சேர்ந்து அந்த வளையத்தை உண்டாக்குகிறது. அடுப்பிலிருந்து இறக்கியவுடன் குளிர்ந்த நீரில் போட்டுவிட்டால் பெருமளவு தவிர்த்துக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது அக்கா மறுக்கவில்லை, ஆனால் வளையம் விழுந்த முட்டையை உண்ண ஒப்பவும் இல்லை. மஞ்சள் சற்றேனும் இளகியிருந்தாலும் அவருக்கு ஆகாது. வெடுக்கு மணக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்.

இதே அக்காதான் மாலையில் வெள்ளவத்தைப் பக்கம் அப்பம் வாங்க நின்றால் வேறொரு மனுஷியாகிவிடுவார். "அண்ணை, மூடியைக் கெதியா எடுங்கோ, மஞ்சள் இறுகிப் போடும்" என்று அப்பம் சுடுபவரை அவசரப்படுத்துவார். முட்டை அப்பத்தின் நுட்பம் முழுவதும் அந்த மூடியில்தான் இருக்கிறது. மாவைச் சட்டியில் சுழற்றி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி மூடினால், கீழிருந்து சூடும் மேலிருந்து ஆவியும் முட்டையைச் சேர்கின்றன. வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 பாகை செல்சியசில் இறுகத் தொடங்குகிறது. மஞ்சட்கரு 65 பாகையளவில் தடித்து, 70 பாகையை எட்டும்போது முழுவதும் இறுகிவிடுகிறது. எனவே வெள்ளை வெந்து மஞ்சள் இளகியிருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அடுப்பு வரிசையில் பல சட்டிகளை ஒரே நேரத்தில் கவனிப்பவர் இதை வெப்பமானி இல்லாமல், மஞ்சளின் மேல் படரும் மெல்லிய வெண்படலத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறார். அப்பத்தின் மொறுமொறுப்பான ஓரத்தை உடைத்து, ஓடும் மஞ்சளில் தோய்த்து, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலைக் கொஞ்சம் சேர்த்து உண்ணும்போது அங்கே மஞ்சள்தான் குழம்பு. அக்காவின் மதியச் சோற்றில் பருப்பும் மீன் குழம்பும் இருந்தன. முட்டையிடமிருந்து ஈரம் தேவைப்படவில்லை. அப்பத்திற்குத் தேவைப்பட்டது. இதைச் சுட்டிக்காட்டினால் அவர் கோபித்துக்கொள்வார் என்பதால் நான் சொல்வதில்லை.

பொரித்த சோறான நாசி கோரெங் பற்றியும் இதையே சொல்லலாம். கொம்பனித்தெருவில் மலாய்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. அவர்களுடைய அந்தச் சோறு இப்போது கொழும்பின் பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கிறது. மேலே ஒரு புல்ஸ்ஐ, அதாவது மஞ்சளை உடைக்காமல் பொரித்த முழு முட்டை, இருக்கும். வீட்டில் முட்டையை இருபுறமும் கருக விட்டு உண்ணும் என் நண்பர் ஒருவர், நாசி கோரெங்கின் மேல் மட்டும் மஞ்சள் உடையாமல் வர வேண்டும் என்று பரிமாறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார்.

பிட்டு வேறு வகை. அதுவும் உலர்ந்த உணவுதானே, அதற்கும் இளகிய மஞ்சள் பொருந்த வேண்டுமே என்று யாரும் கேட்கலாம். நான் அறிந்த யாழ்ப்பாணத்து வீடுகளில் பிட்டுக்கு முட்டைப் பொரியல்தான்: சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நிறைய வெட்டிப் போட்டு, நல்லெண்ணெயில் ஓரம் பொன்னிறமாகும்வரை பொரித்தது. பிட்டை நனைப்பதற்குச் சொதியோ குழம்போ இருக்கும். முட்டை அங்கே கடித்து உண்பதற்காக வருகிறது. அந்தப் பழக்கத்துடன் வளர்ந்த எங்கள் மாமா ஒருவர், உறவினர் திருமணத்திற்காகக் கொழும்பில் ஒரு ஹோட்டலில் தங்கியபோது, காலை உணவு மேசையில் நின்ற சமையற்காரர் வெளிறிய மஞ்சளில் மிருதுவாகச் சுருட்டிக் கொடுத்த ஒம்லெட்டைத் திருப்பிக் கொடுத்து, "தம்பி, இது இன்னும் வேகேல்லை" என்றார். சமையற்காரர் எதுவும் பேசாமல் தாச்சியைத் திரும்பச் சூடாக்கினார். அவருடைய பயிற்சியின்படி முதலில் கொடுத்ததுதான் சரியானது. மாமாவின் கண்ணுக்கு அது பச்சை முட்டை. என்னைக் கேட்டால், பாணும் வெண்ணெயும் மட்டும் இருந்த அந்தத் தட்டுக்குச் சமையற்காரரின் ஒம்லெட்டே பொருத்தமாக இருந்தது. ஆனால் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

புறக்கோட்டையில் ஒரு கடையில் கொத்து ரொட்டி போடும் நானா ஒருவரிடம், வாடிக்கையாளர்கள் முட்டையைப் பற்றி என்ன கேட்பார்கள் என்று விசாரித்தேன். முட்டையை முதலில் ஊற்றிக் கொத்தி, அது அரைகுறையாக வெந்திருக்கும்போதே ரொட்டியைப் போட்டால் முட்டை எங்கும் பரவி ரொட்டியில் ஒட்டிக்கொள்ளும். தனியாகப் பொரித்துக் கடைசியில் சேர்த்தால் துண்டு துண்டாகத் தெரியும். முட்டை குறைவாகப் போட்டுவிட்டதாகச் சந்தேகப்படுபவர்கள் இரண்டாவது முறையைக் கேட்பார்களாம், கண்ணால் எண்ணிக்கொள்ளலாமே. ஆணம் (குழம்பு) நிறைய ஊற்றச் சொல்பவர்கள் எந்த முறையென்றாலும் கவலைப்படுவதில்லை என்றும் சொன்னார்.

விலையும் இதில் தலையிடுகிறது. 2022, 2023 ஆண்டுகளில் முட்டை விலை ஏறி, இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்ட காலத்தில், புல்ஸ்ஐ கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகள் இருந்த வீடுகளிலும் பொரியலே தட்டுக்கு வந்தது. புல்ஸ்ஐயைப் பங்கிட முடியாது. வெங்காயத்தைக் கூட்டிப் பொரித்த ஒரு முட்டையை இருவருக்கு வெட்டிக் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டி நாட்களிலும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை: சைவ வீடுகளில் முட்டையும் மச்சம்தான் (அசைவம்தான்), அதற்கென்று தனித் தாச்சி வைத்திருப்பவர்களும் உண்டு.

என் எண்ணத்துக்கு அடங்காதவர்களையும் சொல்லிவிட வேண்டும். கொட்டாஞ்சேனையில் வசிக்கும் முதியவர் ஒருவர் விடியற்காலையில் முட்டைக் கோப்பி குடிப்பார். முட்டையைச் சீனியுடன் நுரைக்க அடித்து, கொதிக்கும் கோப்பியை மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்குவது அதன் முறை. ஒரேயடியாக ஊற்றினால் முட்டை திரிந்து கட்டி கட்டியாக மிதக்கும். சளிக்கு நல்லது என்பது அவர் கூறும் காரணம். சளி இல்லாத நாட்களிலும் அவர் குடிப்பதைக் கண்டிருக்கிறேன். அதே குடும்பத்தில் ஓர் அன்ரி, பெரிய பிள்ளையானபோது (பூப்பெய்தியபோது) நாள்தோறும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர். யாழ்ப்பாணத்தில் அது பரவலான வழக்கம். அந்த மணம் இன்னும் மறக்கவில்லை என்கிறார். முட்டை அப்பம் வாங்கினாலும் மஞ்சளை உடைத்து நன்றாக வேகவிடச் சொல்வார். அவருடைய விருப்பத்தைத் தட்டில் இருப்பது எதுவும் மாற்றாது. சல்மொனெல்லா தொற்றைக் கருதி, கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நன்றாக வெந்த முட்டையே பாதுகாப்பானது என்பதால், இவர்களில் அன்ரியின் பழக்கத்தையே மருத்துவர்கள் ஏற்பார்கள். கோப்பிக்காரர் இதற்கெல்லாம் செவிசாய்ப்பவர் அல்லர்.

சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் பொதிந்து சூடாக்கும் லம்ப்ரைஸ் பற்றி ஒரு சிறு சண்டை கொழும்பில் எப்போதும் உண்டு. ஐரோப்பிய வழிவந்த பறங்கியரின் அந்த உணவில் அவித்த முட்டை மரபுப்படி இடம்பெறுவதில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பல கடைகள் முழு முட்டையை அவித்துப் பொரித்து வாழையிலைக்குள் வைத்துவிடுகின்றன. மரபைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. உண்பவனாகச் சொன்னால், இறைச்சிச் சாற்றில் வெந்த சோறும் கத்தரிக்காயைப் பொரித்துப் புளிப்பாகச் செய்யும் மோஜுவும் இறால் சம்பலான பிளாச்சானும் சேர்ந்திருக்கும் அந்தப் பொட்டலத்தில், இலையோடு மறுபடியும் சூடேறித் தோல் தடித்த முட்டைக்கு எந்த வேலையும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் யாராவது விரும்பினால் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.