மாட்டுக் கொட்டகைக்குள் குழந்தையை விடலாமா?

அஸ்தம்பட்டி அம்மா:
மகளுக்கு 2 வயது. அப்பார்ட்மெண்டில் தினமும் கிருமிநாசினி போட்டுத் தரையைத் துடைக்கிறேன், அப்படியும் அடிக்கடி சளி. வாழப்பாடிப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனால் நேராகக் கன்றுக்குட்டியிடம் ஓடுகிறாள், சாணியில் கை வைக்கிறாள். "நாங்க எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்" என்கிறார் அத்தை. எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. விடலாமா?

நாகலூர்க்காரன்:
தாராளமா விடுங்க. ஏற்காட்டில் அம்மா காபி பறிக்கப் போனால் நாங்கள் ஆடு, கோழி, நாயோடுதான் கிடப்போம். ஒருத்தருக்கும் இளைப்பு வந்ததில்லை. சேலத்தில் வளரும் அண்ணன் பிள்ளைகள் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போவதில்லை.

ஆத்தூர் நர்ஸ்:
அண்ணா, அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்கிலும் தட்டம்மையிலும் இறந்த குழந்தைகளையும் கணக்கில் எடுக்கணும், அவர்கள் இங்கே வந்து பதில் எழுத முடியாது.

ஆனால் கொட்டகை விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள், பூர்வீகமும் சாப்பாடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அமிஷ் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே வீட்டுப் பக்கத்து மாட்டுக் கொட்டகையில் புழங்குகிறார்கள். ஹட்டரைட் பண்ணைகள் பெரியவை, இயந்திரமயமானவை, குழந்தைகள் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. ஆஸ்துமா அமிஷ் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம், ஹட்டரைட்டில் சுமார் 21. 2016இல் வந்த ஆய்வு இது. கொட்டகையிலும் அதையொட்டிய வீட்டுத் தூசியிலும் இருக்கும் நுண்ணுயிர்களோடு பழகித்தான் உடம்பு எதை எதிர்ப்பது, எதை விடுவது என்று கற்றுக்கொள்கிறது. நோய் வந்தால்தான் எதிர்ப்பு சக்தி வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, தடுப்பூசி ஒன்றுகூடத் தவறக்கூடாது.

அக்கா, சின்னக் குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறேழு தடவை சளி பிடிப்பது சகஜம், அது பெரும்பாலும் மற்ற பிள்ளைகளிடமிருந்து வருவது, தரையிலிருந்து இல்லை. ஏற்கெனவே மூச்சில் விசில் சத்தம் கேட்டால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொட்டகைக்கு விடுங்கள். கொக்கிப்புழு காலில் ஏறும், செருப்பு போடணும். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவணும். கறந்த பாலைக் காய்ச்சாமல் தரவே கூடாது. நாய் பிராண்டினால்கூட ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அஸ்தம்பட்டி அம்மா:
ரொம்ப நன்றிங்க. பாலை இனி காய்ச்சியே தரச் சொல்கிறேன். ஆட்டுக்குட்டி மேல் உண்ணி இருக்கிறதே, அதற்கு?

ஆத்தூர் நர்ஸ்:
குளிக்க வைக்கும்போது காது மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் உண்ணி கடித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.