புதுப்பிப்பு: சோக் இல்லாமல் ஸ்டார்ட் ஆகாத பைக், அடைப்பு பைலட் ஜெட்டில்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காலையில் சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கச் செய்யும் லிவர்) போட்டால்தான் பைக் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது, வேகத்தில் போகும்போது குறையே இல்லை என்று கேட்டிருந்தேன்.

புது பிளக் போட்டும் மாற்றமில்லை. பேட்டரி 12.6 வோல்ட், அதுவும் சரி. கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பைலட் ஜெட்டை, அதாவது மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள திருகைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளையே தெரியவில்லை. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனர் அடித்துக் காற்று விட்டாலே போதும். இப்போது ஒரே உதையில் பிடிக்கிறது, ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் ஐடிலில் விட்டாலும் அணையாமல் ஓடுகிறது.

எதிர்பாராதது ஒன்று: கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் செம்பழுப்புத் தூள். டேங்குக்குள் துரு! மறுபடி அடைக்காமல் இருக்க பெட்ரோல் ட்யூபில் ஃபில்டர் போட்டிருக்கிறேன். டேங்க் வேலை இன்னும் பாக்கி.