ஹைவ் கணக்குத் திறந்தாயிற்று, உள்ளே போக முடியவில்லை: தெரிந்தவர்கள் உதவுங்கள்

அரசலாற்றான்
எல்லோருக்கும் வணக்கம். சுவாமிமலையில் இருக்கிறேன். மாமா சிற்பக் கூடத்தில் மெழுகு வேலை பார்க்கிறார், அங்கே எடுக்கிற படங்களோடு அவர் சொல்கிற விஷயங்களையும் எழுதிப் போடலாம் என்று ஹைவில், அதாவது பிளாக்செயினில் இயங்குகிற பதிவுத் தளத்தில், கணக்குத் திறந்தேன். எழுதினால் கிரிப்டோவில் காசு வரும் என்று நண்பன் சொன்னதுதான் முதல் காரணம், அதை மறைப்பானேன். பிரச்சினை இதுதான்: கணக்குத் திறந்ததும் ஒரு கோப்பு இறங்கியது, அதில் நீள நீளமாகப் பல வரிகள், எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. போஸ்டிங் என்று போட்டிருந்த வரியைக் காப்பி செய்து போன் செயலியில் ஒட்டினால் கீ தவறு என்கிறது. ஹைவைத் திறக்கிற பீக்டி தளத்திலும் அதேதான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்கிற பொத்தான் எங்கும் கண்ணில் படவில்லை. அந்தக் கோப்பைப் படம் பிடித்து இங்கே போட்டால் யாராவது பார்த்துச் சொல்வீர்களா?

அத்தான் 2017-இல் ஸ்டீமிட் என்கிற இதே மாதிரித் தளத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தார், அதன் கீ எழுதிய காகிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அது எதற்காவது உதவுமா என்பதையும் சொல்லுங்கள்.

வெண்ணாறு_பாசனம்
தம்பி, படம் போடவே போடாதீர்கள். ஒட்டிய வரியின் முதல் மூன்று எழுத்து என்ன என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டாம்.

அரசலாற்றான்
எஸ், டி, எம்.

வெண்ணாறு_பாசனம்
அதுதான் விஷயம். எஸ்.டி.எம். என்று தொடங்குவது பப்ளிக் கீ, ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை, அதை வைத்து யாரும் உள்ளே போக முடியாது, நீங்களும்தான். 5 என்ற எண்ணில் தொடங்குகிற வரி இருக்கும் பாருங்கள், அதுதான் பிரைவேட் கீ. அதிலும் போஸ்டிங் என்று எழுதியதை மட்டும் எடுத்து ஒட்டுங்கள். பி5 என்று தொடங்குவது மாஸ்டர் பாஸ்வேர்டு, அதை எந்தச் செயலியிலும் ஒட்டாதீர்கள், அதிலிருந்துதான் மற்ற எல்லாக் கீயும் பிறக்கிறது.

நான்கு கீ எதற்கு என்று கேட்பீர்கள். எழுத, பின்னூட்டம் போட, ஓட்டுப் போட எல்லாம் போஸ்டிங் கீ. காசை நகர்த்த, பவர் அப் (காசை ஹைவ் பவராகப் பூட்டுவது), பவர் டவுன் (அதை மறுபடி வெளியே எடுப்பது) செய்ய ஆக்டிவ் கீ. மெமோ கீ என்பது காசோடு அனுப்பும் குறிப்பைப் பூட்டித் திறக்க, நான் இத்தனை வருடத்தில் அதைத் தொட்டதேயில்லை. ஓனர் கீ எல்லாவற்றுக்கும் மேலே, மற்ற கீக்களை மாற்றுவதற்கு. தினசரிக்குப் போஸ்டிங் கீ போதும், அது திருடு போனால் உங்கள் பெயரில் கண்டதை எழுதுவான், ஓட்டை வீணாக்குவான், காசைத் தொட முடியாது.

மறந்துவிட்டது என்கிற பொத்தான் இல்லாதது அந்தத் தளத்துக்காரர்களின் சோம்பேறித்தனம் இல்லை. உங்கள் கீ யாரிடமும் கிடையாது, அதனால் திருப்பித் தரவும் ஆள் கிடையாது. ஓனர் கீ வேறொருவன் கைக்குப் போய் அவன் மாற்றிவிட்டால் 30 நாளுக்குள் பழைய ஓனர் கீயைக் காட்டி, ரெகவரி அக்கவுண்ட் என்று பதிவாகியிருக்கிறவர் மூலம் மீட்கலாம். கீயையே தொலைத்துவிட்டால் அந்த வழியும் கிடையாது. ஆகவே இரண்டு காகிதத்தில் எழுதி, ஒன்றை உங்கள் வீட்டிலும் ஒன்றைத் தங்கை வீட்டிலோ அம்மா வீட்டிலோ வையுங்கள். வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்கிற வேலை வேண்டாம்.

அத்தானின் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஸ்டீமிட்டை நடத்திய நிறுவனத்தை டிரான் என்கிற கிரிப்டோவின் நிறுவனர் ஜஸ்டின் சன் 2020 பிப்ரவரியில் வாங்கினார், அதைப் பிடிக்காதவர்கள் மார்ச் 20-ஆம் தேதி பிரிந்து ஹைவ் என்று தனிச் சங்கிலி (பிளாக்செயின்) ஆரம்பித்தார்கள். பிரிவதற்கு முன்பே இருந்த கணக்கெல்லாம் அதே பெயரோடு அதே கீயோடு இரண்டு பக்கமும் வந்தது. அத்தான் அதற்கு முன் கீயை மாற்றாமல் இருந்திருந்தால் அந்தக் காகிதம் ஹைவிலும் திறக்கும். உள்ளே ஏதாவது கிடந்தால் அவர் அதிர்ஷ்டம்.

அரசலாற்றான்
5-இல் தொடங்குவதை ஒட்டினேன், உள்ளே போய்விட்டது அண்ணே! ரொம்ப நன்றி. இப்போது அடுத்தது. அறிமுகப் பதிவு போட்டேன், போனது. எழுத்துப் பிழை பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தேன், அப்புறம் இரண்டு பேருக்குப் பதில் எழுதப் போனால் ஆர்.சி. போதாது, காத்திரு அல்லது பவர் அப் செய் என்று வருகிறது. காசு கட்டச் சொல்கிறதா?

மன்னை_மதினி
காசு கட்ட வேண்டாம் தம்பி. ஆர்.சி. என்றால் ரிசோர்ஸ் கிரெடிட்ஸ். சங்கிலியில் எதை எழுதினாலும் அதில் கொஞ்சம் கழியும், திருத்தம் செய்வதும் சங்கிலியில் புதிதாக எழுதுவதாகத்தான் கணக்கு. உங்களிடம் இருக்கிற ஹைவ் பவரைப் பொறுத்து ஆர்.சி.யின் அளவு, இலவசமாகத் திறந்த கணக்கில் அது ஏறக்குறையப் பூஜ்யம். காலியானது முழுசாக நிரம்ப 5 நாள், ஆனால் நிமிஷத்துக்கு நிமிஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டேதான் இருக்கும், நாளைக் காலை பதில் எழுத முடியும். போன் நோட்டில் எழுதித் திருத்திவிட்டு ஒரே தடவையாகப் போடுங்கள். ஆர்.சி.யை மட்டும் தனியாகக் கடன் கொடுக்கும் வசதி 2022-இல் வந்தது, உங்கள் பெயரை இங்கே சொல்லுங்கள், நான் கொஞ்சம் தருகிறேன், பெயர் சொல்வதில் ஆபத்தில்லை.

படம் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், படம் சங்கிலியில் ஏறுவதில்லை, அதன் முகவரி மட்டும்தான் ஏறும்.

கடைமடை_விவசாயி
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எழுதினால் காசு, ஓட்டுப் போட்டால் காசு, இது யார் வீட்டுக் காசு? ஈமு கோழி வளர்க்கச் சொன்ன காலத்திலும் இப்படித்தான் பேசினார்கள். பையனைக் கெடுக்காதீர்கள்.

வெண்ணாறு_பாசனம்
கேட்க வேண்டிய கேள்விதான் ஐயா. சங்கிலி தினமும் புதிதாக ஹைவ் காசு அச்சடிக்கிறது, அதில் ஒரு பங்கு எழுதுகிறவர்களுக்கும் ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் போகிறது. அந்தக் காசுக்கு வெளியே யாராவது விலை கொடுத்தால்தான் மதிப்பு, கொடுக்காவிட்டால் வெறும் எண். விலை இறங்கவும் இறங்கும், பலமாகவே இறங்கியிருக்கிறது. ஈமுவில் முதலில் கையைவிட்டு லட்சக்கணக்கில் கட்டச் சொன்னார்கள். இங்கே தம்பி ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டியதில்லை. கட்டச் சொல்லி யாராவது வந்தால் அப்போது உங்கள் பேச்சைக் கேட்கட்டும்.

அரசலாற்றான்
ஐயா, காசு எதுவும் போடவில்லை, போடப்போவதும் இல்லை. இருந்தாலும் ஒரு வருத்தம். அறிமுகப் பதிவில் ஓட்டு விழுந்து 0.01 டாலர் என்று காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வாலெட்டில் ஒன்றும் இல்லை. எங்கே போனது?

மன்னை_மதினி
7 நாள் முடிந்ததும் கணக்கை மூடுவார்கள், அப்போது 0.02 டாலருக்குக் கீழே இருந்தால் கொடுக்க மாட்டார்கள், தூசு என்று தள்ளிவிடுவார்கள். யாரும் எடுக்கவில்லை. அதற்கு மேலே வந்தால் பாதி ஓட்டுப் போட்டவர்களுக்கு, பாதி உங்களுக்கு. உங்கள் பாதியிலும் சரிபாதி எச்.பி.டி. என்கிற ஹைவின் இன்னொரு காசாக வரும், அது ஒரு டாலரை ஒட்டியே நிற்க வேண்டும் என்று அமைத்தது, மீதி ஹைவ் பவராகப் பூட்டப்படும். அதாவது 1 டாலர் என்று காட்டினால் கையில் புழங்குவது 25 சென்ட். அதுவும் தானாக வராது, வாலெட்டில் கிளைம் பொத்தானை அமுக்க வேண்டும், இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் அறிமுகப் பதிவைப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், சுவாமிமலை கலைப் பொக்கிஷம், உலகப் புகழ் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாமா தென்னை ஓலையைச் சிலை உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு எடுப்பாரே ஒடியோலை, அதை ஒவ்வொரு மடிப்பாகப் படம் எடுத்துப் போடுங்கள். முகத்துக்கு எந்த மடிப்பு, இடுப்புக்கு எந்த மடிப்பு என்று அவரையே கேட்டு எழுதுங்கள். மெழுகின் மேல் முதல் பூச்சு வண்டல் மண் மட்டும் ஏன் அவ்வளவு நைசாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வெளிநாட்டுக்காரன் நின்று படிப்பது அதைத்தான். அதற்கான கம்யூனிட்டியில் போடுங்கள், சும்மா உங்கள் பக்கத்தில் போட்டால் யார் கண்ணிலும் படாது. போட்டுவிட்டுக் காத்திருக்காமல் மற்றவர்கள் பதிவில் போய் நாலு வார்த்தை பேசுங்கள், சூப்பர் நண்பா என்று இல்லை, படித்த அடையாளம் தெரிகிற மாதிரி.

வாட்ஸப்பில் வந்ததையோ இன்னொருவர் எழுதியதையோ எடுத்து ஒட்டினால் அதைக் கண்டுபிடித்து டவுன்வோட், அதாவது எதிர் ஓட்டு, போட்டு வருமானத்தைப் பூஜ்யமாக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். பதிவை அழித்துத் தப்பவும் முடியாது, பழைய வடிவம் சங்கிலியில் அப்படியே கிடக்கும்.

அரசலாற்றான்
ஒடியோலை யோசனை அருமை அக்கா, மாமாவிடம் இன்றே கேட்கிறேன். இப்போது ஒரு சந்தேகம், அவசரம். என் பதிவின் கீழே ஒருவர், புதியவர்களுக்குப் பரிசு 50 ஹைவ் ஒதுக்கியிருக்கிறோம், இந்த இணைப்பில் போய் ஆக்டிவ் கீயால் லாகின் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறார். உதவிக்குழு என்று பெயர் வைத்திருக்கிறார். போகலாமா?

வெண்ணாறு_பாசனம்
போகாதீர்கள்!! பரிசு அனுப்ப உங்கள் பெயர் ஒன்று போதும், கீ எதற்கு? ஆக்டிவ் கீயைக் கேட்கிறவன் எடுக்கத்தான் கேட்கிறான். இணைப்பை ஏற்கெனவே அமுக்கி ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே ஓனர் கீயால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இனிமேல் கீச்செயின் என்கிற நீட்டிப்பைப் பிரௌசரில் போட்டு அதில் கீயை ஒரு தடவை ஏற்றிவிடுங்கள், தளங்கள் கையெழுத்து மட்டும்தான் கேட்கும், கீயைப் பார்க்காது. எந்தக் கீ கேட்கிறது என்றும் அது காட்டும், ஓட்டுப் போடுகிற இடத்தில் ஆக்டிவ் கீ கேட்டால் விலகிக்கொள்ளுங்கள்.

ஹைவ் பவரை வெளியே எடுக்க 13 வாரம், வாரம் ஒரு தவணை என்று எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். திருடனுக்கும் அதே 13 வாரம்தான். சேமிப்பில் போட்ட எச்.பி.டி.யை எடுக்க 3 நாள். அந்த இடைவெளியில் கணக்கை மீட்டவர்கள் இருக்கிறார்கள்.

அரசலாற்றான்
ஒன்றும் ஒட்டவில்லை அண்ணே, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிறுத்தினேன். சரி, கொஞ்சம் சேர்ந்தபின் வங்கிக்கு எப்படிக் கொண்டுவருவது? வரி உண்டா?

கும்பகோணம்_கணக்கர்
உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு நேராக 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. வேறு வருமானமே இல்லை என்றாலும் 30 சதவீதம்தான். 2022 ஜூலையிலிருந்து விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பதும் உண்டு, ஆண்டு வரம்புக்குக் கீழே இருந்தால் கிடையாது. கிளைம் அமுக்கிய ஒவ்வொரு தடவையும் தேதி, அளவு, அன்றைய ரூபாய் மதிப்பு என மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள், வருஷக் கடைசியில் தேடினால் கண்ணைக் கட்டும்.

எச்.பி.டி.யை உள்ளேயே இருக்கிற சந்தையில் ஹைவாக மாற்றி, மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவான எஃப்.ஐ.யு.வில் பதிவு செய்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது எக்ஸ்சேஞ்சு கொடுத்த மெமோ எண்ணை விடாதீர்கள், அதை விட்டால் காசு அவர்கள் பெட்டியில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். முதலில் 1 ஹைவ் அனுப்பி வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். டெலிகிராமில் நல்ல ரேட் தருகிறேன் என்பவர்களிடம் விற்காதீர்கள், அவர் அனுப்புகிற ரூபாய் மோசடிப் பணமாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்குதான் முடங்கும்.

பட்டுக்கோட்டை_புதுசு
இதே இழையில் கேட்கிறேன். எனக்குக் கணக்கே திறக்கவில்லை, என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டால் ஏற்க மறுக்கிறது, தமிழிலும் மறுக்கிறது.

மன்னை_மதினி
ஆங்கிலச் சின்ன எழுத்து மட்டும், 3 முதல் 16 எழுத்துக்குள், எழுத்தில் தொடங்க வேண்டும், எண்ணும் சிறு கோடும் நடுவில் வரலாம். பிறகு மாற்றவே முடியாது, அதனால் யோசித்து வையுங்கள். உள்ளே போனதும் புரொஃபைலில் காட்டும் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்.