மே மாசம் ஏழு நாள் கார் பயணம்: ரூம் முன்னாடியே போடணுமா, போற இடத்துல பார்த்துக்கலாமா?

வண்ணை21

எல்லாருக்கும் வணக்கம். மே ரெண்டாவது வாரம் கிளம்பலாம்னு இருக்கோம். நான், மனைவி, பசங்க ரெண்டு பேர் (9 வயசு, 4 வயசு), அம்மா (67, மூட்டு வலி), மச்சான். ஒரே எர்டிகா. நானும் மச்சானும் மாத்தி மாத்தி ஓட்டுவோம்.

சென்னை வெளிவட்டச் சாலை பிடிச்சு வண்டலூர் போய் அப்படியே திருச்சி. அங்க ஒரு ராத்திரி, கொடைக்கானல் ரெண்டு, மதுரை ஒண்ணு, ராமேஸ்வரம் ஒண்ணு, கிழக்குக் கடற்கரைச் சாலையிலயே வேளாங்கண்ணி ஒண்ணு, அப்புறம் வீடு. மொத்தம் ஆறு ராத்திரி.

ஆறு ராத்திரிக்கும் இப்பவே ரூம் போட்டாதான் வண்டியில ஏறுவேன்னு மனைவி சொல்றாங்க. மச்சான் ஒரு ரூம்கூட போடாதீங்க மாமா, போற வழியில பிடிச்ச ஊர்ல தங்கலாம்ங்கிறான். ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு நியாயமா படுது. குடும்பத்தோட போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

டோல்கேட் டீச்சர்

உங்க மனைவி சொல்றதைக் கேளுங்க தம்பி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரும் உங்க மச்சான் மாதிரிதான் பேசினாரு. மே மாசம், சனிக்கிழமை, ஏற்காடு. கோடை விழா நடக்குதுன்னு மேல போன பிறகுதான் தெரிஞ்சுது. ஆறரை மணிக்கு ஏரிகிட்ட வண்டியை நிறுத்தி அவர் இறங்கிப் போனார். ஒவ்வொரு லாட்ஜா ஏறி இறங்கிட்டு எட்டரைக்குத் திரும்பி வந்தார். கிடைச்சது ஒரே ரூம். சுவர் பூரா ஓதம், 5,000 ரூபாய்.

அந்த ரெண்டு மணி நேரமும் வண்டியில இருந்தது நானும் என் மாமியாரும். அவங்களுக்குச் சர்க்கரை. மணிக்கு ஒருதரம் பாத்ரூம் போகணும். காலை கீழ தொங்கப் போட்டா வீங்கிடும்னு கதவைத் திறந்து வச்சு என் மடியில காலை நீட்டிக்கிட்டாங்க. ரொம்ப நேரம் அடக்கிட்டு, கடைசியில முடியாம என் காதுல சொன்னாங்க. எதிர்ல டீக்கடை வச்சிருந்த அம்மா கடையை அப்படியே விட்டுட்டு, அவங்களைக் கைத்தாங்கலா தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு. அந்தப் பேர் தெரியாத அம்மாவை இன்னிக்கும் நினைச்சுக்குவேன்.

அந்த ரூம் வேண்டாம்னு ஒன்பது மணிக்கு மேல இருட்டுல இருபது கொண்டை ஊசி வளைவும் திரும்ப இறங்கி சேலம் வந்தோம். மாமியார் வளைவு நம்பர் போர்டை ஒவ்வொண்ணா சத்தமா படிச்சுக்கிட்டே வந்தாங்க, பயத்துல. சேலத்துல ரூம் கிடைச்சப்போ மணி பதினொண்ணே முக்கால்.

67 வயசு அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்க. ஆறு ராத்திரிக்கும் போட்டுடுங்க.

காசிமேடு லாஞ்ச்

டீச்சரம்மா சொன்னது கஷ்டமான விஷயம்தான், ஒத்துக்கறேன். ஆனா அது மே மாசச் சனிக்கிழமை மலை மேல நடந்தது. எல்லா ஊரும் ஏற்காடு கிடையாது.

நான் லாஞ்ச் இஞ்சின் வேலை பார்க்கிறவன். எங்களுக்கு வருஷத்துல ஊர் சுத்தக் கிடைக்கிறது மீன்பிடித் தடைக்காலம் மட்டும்தான். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். அதுலயும் லாஞ்ச்சைக் கரையேத்தி, அடிப்பலகை பார்த்து, இஞ்சினைப் பிரிச்சு மாட்டி முடிச்சாதான் நான் கிளம்ப முடியும். என்னிக்கு முடியும்னு யாருக்கும் தெரியாது. ஒருதரம் வீட்ல சொல்றாங்களேன்னு ஆன்லைன்ல மூணு ராத்திரிக்குக் கட்டினேன். சாமான் வர நாலு நாள் லேட்டு. 6,800 ரூபாய் போச்சு, ஒரு பைசா திரும்பி வரல.

பணத்தைக்கூட விடுங்க. அடுத்த வருஷம் வேளாங்கண்ணியிலேருந்து ராமேஸ்வரம். அங்க ரூமுக்குக் காசு கட்டியாச்சு. பூசை முடிஞ்சு, சாப்பிட்டுக் கிளம்ப சாயந்திரம் ஆயிடுச்சு. நடுவுல எங்கயாவது தங்கியிருக்கலாம். காசு கட்டின ரூம் இருக்கேன்னு விடாம ஓட்டினேன். மணமேல்குடி தாண்டி மீமிசல் வர்றதுக்குள்ள கண்ணு சொக்கிடுச்சு. இடது பக்கச் சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணுல இறங்கி, சரளைக்கல் அடியில படபடன்னு அடிச்ச சத்தத்துலதான் முழிச்சேன். பின்னாடி சீட்ல பசங்க ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சு தூங்கிட்டிருந்தாங்க. ஓரமா நிறுத்திட்டு அரை மணி நேரம் ஸ்டியரிங்ல இருந்து கையை எடுக்க முடியல.

அன்னிலேருந்து ரூம் போடறதில்ல. சாயந்திரம் நாலு மணி ஆச்சுன்னா எந்த ஊரோ அந்த ஊர். திருமயமோ, காரைக்குடியோ, பட்டுக்கோட்டையோ. நாலு மணிக்கு ரூம் கேட்டா இல்லைன்னு சொன்ன டவுன் இதுவரைக்கும் நான் பார்க்கல. இன்னொண்ணு, அந்த மாதிரி ஊர் பழைய லாட்ஜ்ல இன்னும் 24 மணி நேரக் கணக்கு உண்டு. நாலு மணிக்குப் போனா மறுநாள் நாலு மணி வரைக்கும் உன் ரூம். காலையில பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்ப மாட்டான்.

டோல்கேட் டீச்சர்

தூக்கத்துல ஓட்டினது ரூம் போட்டதால இல்லீங்க அண்ணா, லேட்டா கிளம்பினதால. 250 கிலோமீட்டர் இருக்குன்னு தெரியும்ல? காலையில கிளம்பியிருந்தா அந்த ரூமுக்கு வெளிச்சத்துலயே போய்ச் சேர்ந்திருப்பீங்க.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு மணிக்கு ரூம் தேடும்போது நீங்க மாடி ஏறிப் போயிடறீங்க. வெயில்ல நிக்கிற வண்டியில குழந்தைங்களோட யார் உட்கார்ந்திருக்காங்க?

காசிமேடு லாஞ்ச்

தப்பே இல்ல டீச்சரம்மா. நான்தான் உட்கார்ந்திருப்பேன். மேல போய்ப் பார்க்கிறது என் வீட்டுக்காரம்மா.

அவங்க பார்க்கிற மாதிரி எந்த ஆப்பும் காட்டாது. முதல்ல கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதான்னு பார்ப்பாங்க. அப்புறம் பாத்ரூம் குழாயைத் திறந்துட்டு, தண்ணி நல்லா வர்ற வரைக்கும் நிப்பாங்க. தலகாணியை மோந்து பார்ப்பாங்க. ஜன்னல்ல கொசுவலை கிழிஞ்சிருந்தா இறங்கி வந்துடுவாங்க. மூணாவது லாட்ஜுக்கு மேல நாங்க போனதே இல்ல. போட்டோவைப் பார்த்துக் காசு கட்டிட்டுப் போனா அந்தத் தலகாணியிலதான் படுத்தாகணும்.

பெரம்பூர் லோகோ

லோகோ ஒர்க்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். ரெண்டு பேரும் கொடைக்கானல் பத்தி ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டீங்க.

உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7லேருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேணும். 2025 கோடையில ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு வரம்பும் வச்சாங்க. ஏப்ரல்லேருந்து ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. கவர்ன்மென்ட் பஸ்ல போறவங்களுக்கு இது கிடையாது. உங்களை மாதிரி சொந்த வண்டியில போறவங்களுக்கு வேணும். வண்டி நம்பர், எத்தனை பேர், என்னிக்கு வர்றீங்க, எத்தனை நாள், எல்லாம் கேட்கும். கிளம்பறதுக்கு முன்னாடி அந்த வருஷ விதியைப் பார்த்துக்கோங்க. ஆக, மலைக்குத் தேதி முடிவு பண்ணாம போகவே முடியாது. தேதி முடிவான பிறகு ரூம் போடாம விடறதுல என்ன லாபம்? மச்சான்கிட்ட இதைச் சொல்லுங்க.

மதுரை வேற கணக்கு. அழகர் ஆத்துல இறங்கற சித்ரா பௌர்ணமியை ஒட்டி உங்க தேதி வந்தா, நாலு மணிக்குப் போனாலும் ரெண்டு மணிக்குப் போனாலும் ஒண்ணும் நடக்காது. முகூர்த்த நாளான்னும் காலண்டர்ல பாருங்க. கல்யாண வீட்டுக்காரங்க ஒரு மாடியையே எடுத்துடுவாங்க. ராமேஸ்வரத்துக்கு அமாவாசை பாருங்க. வேளாங்கண்ணிக்குச் சனி ஞாயிறு வேண்டாம்.

ஆனா ஆப்ல போடாதீங்க. லாட்ஜுக்கு நேரா போன் போடுங்க. அரசாங்கத்தோட தமிழ்நாடு ஹோட்டல் கொடைக்கானல்லயும் இருக்கு, ராமேஸ்வரத்துலயும் இருக்கு. அதையும் கேட்டுப் பாருங்க.

வியாசை பையன்

நீங்க எல்லாரும் குடும்பத்தோட போறவங்க. ரூம் கிடைக்குமா கிடைக்காதான்னுதான் பேசறீங்க. நமக்குக் கொடுப்பானான்னு நான் பயப்படணும். இதையும் கொஞ்சம் கேளுங்க.

போன மே, நாலு பசங்க, ரெண்டு பைக். ஒரு மலை ஊர்ல ஆப்லயே போட்டுட்டுத்தான் போனோம். கன்ஃபர்ம்னு மெசேஜ் இருக்கு. ரிசப்ஷன்ல இருந்தவர் சிரிச்ச முகமா ஆதார் கேட்டார். நாலு கார்டையும் வாங்கி வரிசையா மேஜை மேல வச்சார். பின்பக்கம் திருப்பி அட்ரஸ் படிச்சார். ரெண்டாவது கார்டுலயும் வியாசர்பாடி. மூணாவதுலயும். நாலையும் ஒண்ணா அடுக்கி, ரெண்டு விரலால எங்க பக்கம் தள்ளினார். "ரூம்ல பைப் உடைஞ்சிருக்கு தம்பி, வேற இடம் பாருங்க." நாங்க இறங்கும்போதே பின்னாடி வந்த காருக்கு சாவி கொடுத்தார்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் பேங்க்ல வேலை பார்க்கிறான். அவன்தான் ரொம்ப உடைஞ்சு போயிட்டான். கார்டை பர்ஸ்ல வைக்காம கையிலயே பிடிச்சிட்டு நின்னான்.

அதனால முன்னாடியே போட்டா நிம்மதின்னு டீச்சர் சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. நாலு மணிக்கு எந்த ஊர்லயும் கிடைக்கும்னு காசிமேடு அண்ணா சொல்றதும் எங்களுக்குப் பொருந்தாது. இப்போ நான் செய்யறது ஒண்ணுதான். ரெண்டு நாள் முன்னாடி போன் போட்டு, "நாலு பசங்க, வியாசர்பாடியிலேருந்து வர்றோம், ரூம் தருவீங்களா?"ன்னு நேராவே கேட்டுடுவேன். சரின்னா அதை வாட்ஸப்ல எழுதி அனுப்பச் சொல்லுவேன். இல்லைன்னா இல்லைன்னு வீட்ல உட்கார்ந்துட்டே கேட்டுக்கலாம். ராத்திரி மலை மேல நின்னு கேட்க வேண்டாம்.

டோல்கேட் டீச்சர்

தம்பி, படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. உங்க வயசுப் பசங்களுக்குத்தான் நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கேன். ஊர் பேரைச் சொல்லி நீங்க முன்கூட்டியே மன்னிப்பு கேட்கிற மாதிரி பேச வேண்டி வர்றது எனக்குக் கோபம் வருது. நீங்க செய்யறது சரியான வழிதான், ஆனா அது உங்க வேலையா இருக்கக் கூடாது. பணம் வாங்கி உறுதி பண்ணிட்டு வாசல்ல திருப்பி அனுப்பினா, அந்த ஆப்ல புகார் எழுதுங்க, பணத்தைத் திரும்பக் கேளுங்க. விடாதீங்க.

காசிமேடு லாஞ்ச்

எனக்கும் நடந்திருக்கு தம்பி. ஊர் காசிமேடுன்னதும் "வண்டியில மீன் ஏதும் இருக்கா?"ன்னு கேட்டாங்க. என் பொண்ணு பக்கத்துல நின்னா. அந்த லாட்ஜ்ல தங்கல, அடுத்ததுக்குப் போனோம். காசு கட்டாததாலதான் போக முடிஞ்சுது.

எண்ணூர் ஸ்டியரிங்

டூரிஸ்ட் வேன் ஓட்டறேன். வண்ணை அண்ணனுக்கு இது தேவைப்படாது, படிக்கிற மத்தவங்களுக்குச் சொல்றேன். எல்லா ராத்திரிக்கும் ரூம் போடறவங்க டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கான்னு கேட்கறதே இல்ல. கத்திரி வெயில்ல ராத்திரி பூரா வேன்ல கொசுவோட புரண்டுட்டு, காலையில அஞ்சு மணிக்கு உங்க குழந்தைங்களை வச்சு மலை ஏத்தறோம். போன்ல பார்க்கிங் கேட்கும்போது அதையும் கேளுங்க.

வண்ணை21

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி சாப்பிடும்போது போன்ல இதை முழுசா வீட்ல படிச்சுக் காட்டினேன்.

இ-பாஸ் விஷயம் கேட்டதும் கொடைக்கானலுக்கு மச்சான் சரின்னுட்டான். ஞாயிறு வேண்டாம்னு திங்கள், செவ்வாய் ரெண்டு ராத்திரிக்கும் போன்லயே பேசியாச்சு. கிளம்பறது ஞாயித்துக்கிழமை காலை அஞ்சு மணிக்கு. திருச்சிக்கு ரூம் போடல. மத்தியானமே போய்ச் சேர்ந்துடுவோம், மனைவியே மேல போய்ப் பார்க்கிறேன்னு சொல்லிட்டாங்க. தாழ்ப்பாள் விஷயத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. மதுரைக்கும் சித்ரா பௌர்ணமி முடிஞ்சுதான் போறோம், பார்த்துக்கலாம்.

ராமேஸ்வரம்தான் இன்னும் முடியல. மனைவி போடணும்ங்கிறாங்க, மச்சான் வேண்டாம்ங்கிறான். அம்மா இவ்வளவு நேரம் ஒண்ணுமே பேசல. கடைசியில, "எங்க வேணா தங்குங்க, மாடி ஏத்தாதீங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

காசிமேடு லாஞ்ச்

ராமேஸ்வரத்துக்கு இப்பவும் வேண்டாம்னுதான் சொல்வேன். மதுரையிலேருந்து காலையில கிளம்பினா பத்து பத்தரைக்குப் போயிடலாம். அம்மாவைக் கடற்கரையில நிழலா பார்த்து உட்கார வச்சிட்டு நிதானமா தேடலாம்.

டோல்கேட் டீச்சர்

மே மாசம் பத்தரை மணிக்கு ராமேஸ்வரத்துல நிழல் எங்கண்ணா இருக்கு? தம்பி, இன்னிக்கே போன் போட்டுக் கீழ்த்தளத்துல ரூம் கேளுங்க. லிஃப்ட் இருக்குன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, கீழ்த்தளம்தான் வேணும்னு சொல்லுங்க. பாத்ரூம் வெஸ்டர்னான்னும் கேட்டுடுங்க.