புதுப்பிப்பு: குறைந்த செலவில் கல்யாண மேடை, துணிக் கணக்கில் ஒரு திருத்தம்

அலங்காரத்தை மண்டபம் முழுக்கப் பரப்பாமல், எல்லாப் படத்திலும் விழும் மேடைப் பின்னணியிலேயே பணத்தைப் போடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பின்னணிக்கான துணி அளவைக் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

3 மீட்டர் அகலத்துக்கு 3 மீட்டர் துணி போதாது. இழுத்துக் கட்டிய படுதா போலத் தட்டையாகத் தெரியும். மடிப்பு அழகாக விழ இரண்டு மடங்கு அகலம் வேண்டும். அதாவது 1.5 மீட்டர் அகலத் துணியில் 4 பட்டைகள். உயரம் 2.5 மீட்டர் என்றால் ஒவ்வொன்றையும் 2.7 மீட்டராக வெட்டுங்கள்: மேலே கம்பி நுழைய 12 சென்டிமீட்டர், கீழே மடித்துத் தைக்க 8. மொத்தம் 10.8, 11 மீட்டராகவே வாங்கிவிடுங்கள்.

சாட்டின் வேண்டவே வேண்டாம். ஃபிளாஷ் பட்டதும் ஒவ்வொரு கசங்கலும் பளிச்சென்று தெரியும். ஜார்ஜெட் நல்லது. மாட்டிய பிறகு, மேலிருந்து கீழாக ஸ்டீமர் (நீராவியால் கசங்கலை நீக்கும் கருவி) பிடியுங்கள்.

சர விளக்கு எல்லாம் 2700 கெல்வினாக, அதாவது இளமஞ்சள் ஒளியாக இருக்கட்டும் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு). நடுவில் ஒரு 6000 கெல்வின் (வெள்ளை ஒளி) சரம் கலந்தாலும் படத்தில் அந்த இடம் மட்டும் நீலம் பாயும், ஏனென்றால் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஏதாவது ஒரு ஒளி நிறத்துக்குத்தான் பொருந்தும். துணிக்குப் பின்னால் எல்இடி மட்டுமே; பக்கத்தில் மெழுகுவத்தி கூடவே கூடாது.