பிரிட்டனின் கரியமில வாயு நிஜமாகவே குறைந்ததா, கணக்கில் மட்டும் குறைந்ததா?

கணக்குப்புள்ளி:
இரண்டு நாளாக பிரிட்டனின் கரியமில வாயு வரைபடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1970களின் தொடக்கத்தில் வருஷத்துக்கு 66 கோடி டன் வரை போனது இப்போது 30 கோடி டன் பக்கம் வந்து நிற்கிறது. கிட்டத்தட்ட விக்டோரியா மகாராணி காலத்து அளவு, அதுவும் மக்கள்தொகை இரண்டு மடங்கு ஆன பிறகு! ஆலைகளைச் சீனாவுக்கு அனுப்பிவிட்டு எங்கள் வீடு சுத்தம் என்கிறார்களோ என்று சந்தேகம். அப்புறம், 1926இல் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்து அடுத்த வருஷமே ஏறிவிடுகிறது, அது பிழையா? இன்னொரு பழைய வரைபடத்தில் உச்சமே 18 கோடி டன்தான். எதை நம்புவது?

மேசைவிளக்கு:
கடைசியில் இருந்து வருகிறேன். இரண்டு வரைபடமும் சரி. பழையது கார்பனை மட்டும் எடை போட்டது. கார்பன் 12, அதோடு ஒட்டிக்கொள்ளும் இரண்டு ஆக்சிஜன் 32, ஆக 44. 18 கோடியை 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்துப் பாருங்கள், 66 வந்துவிடும். (முக்கால் கிலோகூட இல்லாத ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ புகை எப்படி வரும் என்று சண்டை போடுபவர்களுக்கும் இதே பதில்தான். மீதி எடை காற்றில் இருந்து வருகிறது.)

1926 பிழை இல்லை. நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்டப் பார்த்ததால் வந்த தகராறு. பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்தது, சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் ஏறக்குறைய ஏழு மாதம் வெளியே நின்றார்கள். அன்று எரிந்ததெல்லாம் நிலக்கரிதான் என்பதால் புகையும் பாதியளவுக்கு இறங்கிவிட்டது. 1984-85 வேலைநிறுத்தத்திலும் ஒரு பள்ளம் இருக்கும், ஆனால் சின்னது, ஏனென்றால் அதற்குள் கையிருப்பு இருந்தது, எண்ணெய் எரிக்கும் மின்நிலையங்களும் இருந்தன.

நாட்டிங்காம்வாசி:
குறைந்தது நிஜம். பெரும்பகுதி மின்சாரத்தில் குறைந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ராட்கிளிஃப் மின்நிலையம், ரயிலில் வந்தால் எட்டு குளிர்விப்புக் கோபுரங்களும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். 2024 ஜூன் கடைசியில் அங்கே கடைசி நிலக்கரி ரயில் வந்தது, சுமார் 1,650 டன். ஒரு ரயில் நிறைய நிலக்கரி, ஐந்து லட்சம் வீடுகளுக்கு எட்டு மணி நேரம்தான் தாங்குமாம்! செப்டம்பர் 30ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். 1882இல் லண்டன் ஹோல்பர்னில் தொடங்கிய நிலக்கரி மின்சாரத்தின் கதை 142 வருஷத்தில் முடிந்தது.

2012இல்கூட நாட்டின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் நிலக்கரிதான். 1990களில் எரிவாயு நிலையங்கள் வரிசையாக வந்ததில் ஒரு இறக்கம், ஒரு யூனிட்டுக்கு நிலக்கரியில் வருவதில் பாதிக்கும் குறைவான புகைதான். அப்புறம் 2013இல் மின்நிலையப் புகைக்குத் தனி வரி போட்டு, 2015இல் டன்னுக்கு 18 பவுண்டு ஆக்கினார்கள், அதில்தான் நிலக்கரி படுத்தது. கடல் காற்றாலைகளும் அந்த நேரத்தில் பெருகின. யாரும் பேசாத விஷயம், 2005க்குப் பிறகு மின்சாரப் பயன்பாடே குறைந்துவிட்டது, பல்பும் ஃபிரிட்ஜும் மாறியதற்கு அதில் நல்ல பங்கு உண்டு.

இரும்புக்கடை:
எல்லாம் சரி, ஆனால் அதே 2024 செப்டம்பர் 30 அன்றுதான் வேல்ஸில் போர்ட் டால்பட்டில் டாடா எஃகு ஆலையின் கடைசி ஊதுலையும் (நிலக்கரியில் இருந்து வரும் கோக்கை எரித்து இரும்பு உருக்கும் உலை) அணைந்தது. அதற்குப் பத்து நாள் முன்புதான் அதே டாடா ஒடிசாவின் கலிங்கநகரில் இந்தியாவிலேயே பெரிய ஊதுலையைப் பற்றவைத்தது. ஒன்றை மூடித்தான் மற்றதைத் திறந்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் போர்ட் டால்பட்டில் மின்சார உலை வரும்வரை வெளிநாட்டு எஃகை இறக்குமதி செய்து தகடாக உருட்டுகிறார்கள், அதை உருக்கியபோது வந்த புகை பிரிட்டன் கணக்கில் ஏறாது. டிராக்ஸ் மின்நிலையத்தில் அமெரிக்காவில் இருந்து மரத்துகள் உருண்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து எரிக்கிறார்கள், அதன் புகையும் மின்சாரக் கணக்கில் பூஜ்யம்தான், மரம் திரும்ப வளருமாம். சர்வதேச விமானமும் கணக்குக்கு வெளியே.

கணக்குப்புள்ளி:
அப்படியென்றால் என் சந்தேகம் பாதி சரிதானே?

நாட்டிங்காம்வாசி:
கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதிப் பொருட்களின் புகையையும் சேர்த்து எண்ணும் கணக்கு ஒன்று இருக்கிறது, அது கணிசமாக அதிகம்தான், ஆனால் அதுவும் 2007 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கியிருக்கிறது. மொத்தமும் ஏமாற்று என்றால் அது ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும்.

என் கவலை வேறு. நிலக்கரியை நிறுத்த ஒரு சில மின்நிலையங்களை மூடினால் போதும். மிச்சம் இருப்பது கார்களும் இரண்டு கோடிக்கும் மேலான வீடுகளில் குளிருக்கு வீட்டைச் சூடாக்க ஓடும் கேஸ் பாய்லர்களும். பாய்லருக்குப் பதிலாக ஹீட் பம்ப் (வெளியே உள்ள வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் மின்சாரக் கருவி) போட அரசு 7,500 பவுண்டு தருகிறது, அப்படியும் மீதித் தொகையைக் கேட்டுவிட்டு பழைய பாய்லரைத் தட்டித் தட்டி இந்தக் குளிர்காலத்தையும் ஓட்டுகிறேன்.