ஒமேகா ஸ்பீட்மாஸ்டர விக்கணும்: நேரா ஆள் பாத்து விக்கலாமா, டீலர்கிட்டயே குடுத்துடலாமா?

வேளச்சேரி_வாட்ச்:
எல்லாருக்கும் வணக்கம். 2021ல சென்னையிலயே ஷோரூம்ல வாங்கின ஸ்பீட்மாஸ்டர் ப்ரொஃபஷனல், ஹெசலைட் கண்ணாடி, உள்ள ஓடற மெஷின் 3861 மூவ்மென்ட். பாக்ஸ், கார்டு, பில், ஸ்டீல் பட்டைல இருந்து கழட்டி வெச்ச லிங்க் எல்லாம் பத்திரமா இருக்கு. வீட்டு லோன்ல கொஞ்சம் அடைக்கணும், அதான் விக்கறேன், இதுவரைக்கும் வாட்ச் எதுவும் வித்ததில்ல. ஒரு டீலர் 3.20 லட்சத்துக்கு மேல பேச்சே இல்லங்கறார். இன்ஸ்டால ஒருத்தர் 4 தர்றேன், நாளைக்கே கேஷோட வர்றேன்ங்கறார். 80 ஆயிரம் வித்தியாசம், மனசு கேக்க மாட்டேங்குது.

கோவை_க்ரோனோ:
இதுல யோசிக்க என்ன ப்ரோ இருக்கு, நேரா வித்துடுங்க. டீலர் உங்ககிட்ட 3.20க்கு வாங்கி, துணிய வெச்சு தொடச்சு, 4.25ன்னு விலை ஒட்டுவார். பில், கார்டு, லிங்க் எல்லாம் வெச்சிருக்கற உங்கள மாதிரி ஆளுக்கு டீலரே தேவையில்ல.

மயிலை_சார்:
தம்பி, மொதல்ல அந்த கேஷ் ஆள விட்டுடுங்க. 2017 ஏப்ரல்ல இருந்து 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக்கூடாது, 269எஸ்டின்னு வருமான வரிச் சட்டத்துல கொண்டு வந்தது. அபராதம் குடுக்கறவருக்கு இல்ல, வாங்கிக்கறவருக்கு, அதாவது உங்களுக்கு, அதுவும் வாங்கின தொகை அளவுக்கே. ரெண்டு நாளா பிரிச்சு வாங்கிக்கறேன்னு யோசிக்காதீங்க, ஒரே வியாபாரம்னா பிரிச்சாலும் சேர்த்துதான் கணக்கு.

கோவை_க்ரோனோ:
சரி சார், கேஷ் வேணாம், ஆர்டிஜிஎஸ் பண்ணச் சொல்லுங்க. 2 லட்சத்துல இருந்துதான் அதுல அனுப்பவே முடியும், 2020 டிசம்பர்ல இருந்து 24 மணி நேரமும் ஓடுது. உங்க பேங்க் கிளைக்கே வரச் சொல்லி, காசு ஏறினத உங்க ஆப்லயே பாத்துட்டு வாட்ச குடுங்க. அவன் காட்டற ஸ்கிரீன்ஷாட், எஸ்எம்எஸ் எதையும் நம்பாதீங்க, அவ்ளோதான் மேட்டர்.

சேலத்துக்காரன்:
அவ்ளோதான் இல்ல அண்ணே. காசு ஏறிடும், அதுல பிரச்சனை இல்ல, அது யாரு காசுங்கறதுதான் பிரச்சனை. எங்கயோ ஒருத்தர் ஆன்லைன்ல ஏமாந்து 1930க்கு போன் பண்ணி புகார் குடுத்துட்டார்னா அந்தக் காசு எந்தெந்த அக்கவுண்ட் வழியா போச்சோ வரிசையா எல்லாத்தையும் நிறுத்தி வெக்கலாம், மூணாவது நாலாவது கை நீங்களா இருந்தாலும் சரி. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேமரா வித்து இப்படித்தான் மாட்டினான், சம்பளம் வர்ற அக்கவுண்ட் வேற, வேற மாநில சைபர் போலீஸுக்கு மெயில் மேல மெயில் போட்டுட்டு கெடந்தான். வாட்ச்னா இன்னும் மோசம், ஒரே கைமாத்துல நாலு லட்சத்த பொருளா மாத்திடலாம், மோசடிக்காரனுக்கு இதவிட என்ன வேணும்? பேரம் பேசாம கேட்ட விலைக்கு உடனே வர்றேன்ங்கறவன மொதல்ல சந்தேகப்படணும்.

கோவை_க்ரோனோ:
அதுக்குத்தான் வாங்கறவரோட சொந்த அக்கவுண்ட்ல இருந்து வரணும்னு சொல்றது. பான், ஆதார்ல இருக்கற பேரும் அக்கவுண்ட் பேரும் ஒண்ணா இருக்கணும். சீரியல் நம்பர் போட்டு ஒரு விற்பனை கடிதம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. மச்சான் அக்கவுண்ட்ல இருந்து போடறேன்னா கிளம்பு ராசா.

சேலத்துக்காரன்:
மோசடிக்காரனுக்கு வாடகைக்கு விடற அக்கவுண்டும் நிஜ ஆள் பேர்லதான் அண்ணே இருக்கு. பேர் பொருந்தறதால ஃப்ரீஸ் ஆகாதுன்னு இல்ல, ஆனப்புறம் நான் வித்தது இது, வாங்கினது இவர்னு காட்ட உங்ககிட்ட பேப்பர் இருக்கும், அவ்ளோதான். 80 ஆயிரம் அந்த ரிஸ்க்குக்கான விலைன்னு வெச்சுக்கங்க.

மயிலை_சார்:
டீலர எல்லாரும் திட்டறோம், கணக்கையும் பாக்கணும். அவர் லாபத்துல 18% ஜிஎஸ்டி கட்டணும், சர்வீஸ் பாக்கணும், கடை வாரண்டி குடுக்கணும். அதுக்குன்னு 3.20 நியாயம்னு நான் சொல்லல, இன்னும் ரெண்டு மூணு டீலர்கிட்ட கேளுங்க. ஆனா வித்து தர்றேன், வாட்ச இங்கயே வெச்சுட்டுப் போங்கன்னு சொன்னா எழுத்துல இல்லாம குடுக்காதீங்க, வித்த காச மாசக்கணக்கா இழுத்தடிக்கறவங்களும் இருக்காங்க. அப்புறம் வரி: சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த ஸ்டீல் வாட்ச வித்தா மூலதன ஆதாய வரி வராது. தங்கம், வைரம் வெச்சதுன்னா நகைக் கணக்குல போகலாம், அப்ப ஆடிட்டர கேட்டுக்கங்க.

அடையாறு_லூப்:
யாரும் சொல்லாத ஒண்ணு. அந்த பில்ல தொலைச்சுடாதீங்க. 1962 சுங்கச் சட்டத்துல 123வது பிரிவுல தங்கத்தோட வாட்ச் பேரையும் போட்டிருக்கான், கடத்தல்னு சந்தேகப்பட்டு பிடிச்சா கடத்தல் இல்லன்னு நிரூபிக்க வேண்டியது வெச்சிருக்கறவர்தான். துபாய்ல வாங்கி கையில கட்டிட்டு வந்த வாட்சுக்கு இங்க விலை கம்மியாப் போறதே இதனாலதான், உங்களுது இந்தியா பில், அதுக்கு மேல ஒரு பத்து பதினஞ்சாயிரம் தாராளமா கேக்கலாம்.

அப்புறம் விக்கறதுக்கு முன்னாடி பளபளப்பாக்கறேன்னு பாலிஷ் போடக் குடுத்துடாதீங்க. பட்டை மாட்டற கொம்பு இருக்கே, லக்கு, அதோட ஓரம் மழுங்கிடுச்சுன்னா தெரிஞ்சவன் திரும்பிக்கூட பாக்க மாட்டான். கண்ணாடிய மட்டும் பண்ணலாம், ஹெசலைட்டுங்கறது பிளாஸ்டிக்தான, பாலிவாட்ச் பேஸ்ட் தேச்சா கீறல் போயிடும். நடுவுல ஊசிமுனை அளவுக்கு ஒரு ஒமேகா சின்னம் இருக்கும், லூப்ங்கற சின்ன பூதக்கண்ணாடி வெச்சு சாய்ச்சுப் பாத்தாத்தான் தெரியும், வர்றவர் அதத் தேடறார்னா விவரமான ஆள்னு அர்த்தம். க்ரோனோவ, அதாவது ஸ்டாப்வாட்ச ஓட்டி ரீசெட் பண்ணி முள் சரியா 12ல நிக்குதான்னும் பாப்பார். சீரியல் நம்பர ஃபோட்டோல மறைச்சுடுங்க, நேர்ல கார்டோட ஒத்துப் பாக்கட்டும்.

வேளச்சேரி_வாட்ச்:
எல்லாருக்கும் நன்றி. இன்ஸ்டா ஆள்கிட்ட பேங்க்ல வெச்சு ஆர்டிஜிஎஸ் தான், பான் காப்பி வேணும்னு சொன்னேன், பாத்துட்டார்னு காட்டுது, பதிலக் காணோம். இன்னொரு டீலர் பில்லோட 3.45 வரைக்கும் வர்றார். சேலம் அண்ணன் சொன்னது வயித்த கலக்குது, அந்த டீலர்கிட்டயே போயிடலாம்னு பாக்கறேன்.

கோவை_க்ரோனோ:
3.45க்கா? அட போங்க ப்ரோ. ரெண்டு வாரம் பொறுங்க, 3.80க்கு நான் ஆள் கூட்டிட்டு வர்றேன், டாக்டர், கோயம்புத்தூர்ல சொந்த கிளினிக்.

சேலத்துக்காரன்:
டாக்டர் பான் கார்டோட வருவாரா அண்ணே?

கோவை_க்ரோனோ:
ஃபார்ம் 16ஓடயே வருவார், போதுமா?

அடையாறு_லூப்:
அது சம்பளக்காரங்களுக்கு கம்பெனி குடுக்கறதாச்சே, சொந்த கிளினிக் வெச்சிருக்கறவருக்கு ஏதுங்க ஃபார்ம் 16?